கமாம்பேர் போய் வந்த சேதி

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்ததில் சந்தோஷம். அதற்காக உடனே சேற்றில் இறங்கிவிடாதே. நான் இன்னும் பிரான்ஸில், நார்மண்டிப் பகுதியின் கான் நகரத்தில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் மாப்பிள்ளை கமாம்பேருக்குக் கூட்டிப்போனார். நீ மாடு வைத்திருப்பவன், அதனால் இந்தச் சேதி முதலில் உனக்குத்தான்.

கமாம்பேர் சீஸ் என்கிறார்களே, அது ஊர்ப் பெயரா என்று கேட்டிருந்தாய். ஆமாம், அந்த சீஸுக்கு இருப்பது ஊர்ப் பெயர்தான். ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சுமார் 200 பேர், ஒரு மாதா கோயில், ஒரு மேயர் அலுவலகம், மேடும் பள்ளமுமாய்ச் சிதறிக் கிடக்கும் பண்ணைகள். இத்தனூண்டு ஊருக்கும் தனி மேயர்! வரப்புகளில் உயிர்வேலி, உள்ளே ஆப்பிள் மரங்கள், அவற்றின் அடியிலேயே மாடுகள் மேய்கின்றன. நார்மண்டி மாடு வெள்ளைத் தோலில் பழுப்புத் திட்டுகளோடு, கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி நம்மைப் பார்க்கிறது. பாலில் கொழுப்பும் புரதமும் அதிகமாம்.

சீஸ் அறையைக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தோம். காய்ச்சாத பாலுக்கு உறை ஊற்றி, இறுகியதை நீளக் கரண்டியால் அள்ளி வட்ட அச்சுகளில் விடுகிறார்கள். ஓர் அச்சுக்குக் குறைந்தது ஐந்து கரண்டி. ஆனால் ஒரு கரண்டிக்கும் அடுத்ததற்கும் இடையே 40 நிமிஷமாவது விட வேண்டும், அதற்குள் நீர் வடிந்து கீழே அமர்ந்துவிடும். கரண்டியால் அள்ளி விட்டுக்கொண்டிருந்த பெண்மணி கடைசி அச்சை முடித்துவிட்டு, அவசரமே இல்லாமல் முதல் அச்சுக்குத் திரும்பினார். அப்புறம் உப்பு, வெள்ளைப் பூஞ்சணம், மூன்று வாரம் காத்திருப்பு. 250 கிராம் சீஸுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் பால் போகிறது. கட்டுமா என்று நீயே கணக்குப் பார்.

இத்தனை பாடுபட்டும் பெயர் அவர்களுக்குச் சொந்தமில்லை. அது பொதுப் பெயர் என்று 1926இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது, யாரும் எங்கும் செய்து விற்கலாம். 1983இல் 'கமாம்பேர் தெ நார்மண்டி', அதாவது 'நார்மண்டியின் கமாம்பேர்' என்ற முழுப் பெயருக்கு மட்டும் பாதுகாப்புக் கிடைத்தது. எனக்கென்னவோ அது பாதி நியாயமாகத்தான் படுகிறது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஒளிந்திருந்த ஒரு பாதிரியார் சொல்லிக் கொடுத்து மரி அரேல் என்ற பெண்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பது ஊர்க்கதை. மாப்பிள்ளை நம்புகிறார். 1708ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே கமாம்பேர் சீஸ் பற்றிய குறிப்பு இருக்கிறதே, நான் எப்படி நம்புவது? பக்கத்து ஊரான விமூத்தியேயில் அந்த அம்மாவுக்கு 1928இல் சிலை வைத்தார்கள். 1944 ஜூனில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் சிலையின் தலை போய்விட்டது. போருக்குப் பின் புதுச் சிலைக்குப் பணம் கொடுத்ததும் அமெரிக்கர்கள்தான், ஒஹாயோ மாநிலத்து சீஸ் ஆலைத் தொழிலாளர்கள்!

சரி, உன் மகனுக்குப் பெண் பார்க்கப் போனீர்களே, என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. தை மாதம் என்றால் இப்போதே சொல்லிவிடு, டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
ராமநாதன்