காலை அகற்றும் முன் இரத்த ஓட்டத்தை அளக்க வேண்டும்

ஜெர்மனியில் மருத்துவக் காப்பீட்டின் பயன்களை வரையறுக்கும் கூட்டுக் கூட்டாட்சிக் குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் வீடு வீடாகச் சென்று ஆறாத புண்களுக்குக் கட்டு மாற்றும் செவிலியர். மருத்துவமனைக் கடிதங்களில் "மின்டர்டுர்ஹ்புளூட்டுங்", அதாவது திசுவுக்குப் போதிய இரத்தம் செல்லவில்லை என்று எழுதப்பட்டிருக்கும்; எவ்வளவு குறைவு என்ற அளவு பல கடிதங்களில் இருப்பதில்லை.

நான் கவனித்துவரும் ஈழத்து முதியவர் ஒருவரின் காலைத் தூக்கிப் பிடித்தால் பாதம் வெளிறிவிடும், கட்டிலோரம் தொங்கவிட்டால் கருஞ்சிவப்பாகும். நடக்கும்போது கெண்டைக்கால் வலிப்பதுதான், காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபடும் இந்நோயின் வழக்கமான முதல் அறிகுறி. நீரிழிவால் நரம்பு மரத்துப்போன அவருக்கு அந்த வலி வரவேயில்லை. நோய் தெரியவந்ததே புண் வந்த பிறகுதான். தெற்காசியரிடையே நீரிழிவு இளவயதிலேயே தொடங்குவதால், எங்கள் குடும்பங்களுக்கு இது அயலார் பிரச்சினையன்று.

கணுக்காலின் இரத்த அழுத்தத்தை மேற்கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் கால் தமனியில் அடைப்பு என்று கொள்கிறோம். ஆனால் நீரிழிவுக்காரர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுவதால், அளவுக்கருவியின் காற்றுப்பட்டை அதை அழுத்த முடியாமல், அடைப்புள்ள காலிலும் எண் இயல்பாகவோ அதற்கு மேலாகவோ வந்து நம்மை ஏமாற்றிவிடுகிறது. அத்தகையோருக்குக் கால் பெருவிரலில் அழுத்தத்தை அளக்க வேண்டும். அது சிறிது நேர வேலைதான். அடைப்பு இருக்கும் இடம் தெரிந்தால், பலூன் வைத்து விரிக்கவோ மாற்றுவழி இரத்தக் குழாய் பொருத்தவோ முடியுமா என்று ஆராயலாம்.

நீரிழிவுப் பாதத்தில் உறுப்பகற்றலுக்கு முன் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையை 2020-இல் நீங்களே தீர்மானித்தீர்கள், அதற்காக நன்றியுடையேன். அந்த உரிமை, நீரிழிவு இல்லாமல் புகைப்பழக்கத்தாலோ முதுமையாலோ தமனி அடைபட்டவர்களுக்கும் வேண்டும். கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தான நிலையில் யாரும் காத்திருக்க முடியாது என்பதை அறிவேன். திட்டமிட்டுச் செய்யும் ஒவ்வோர் உறுப்பகற்றலுக்கும் முன்பாவது பெருவிரல் அழுத்தமும் தமனிப் படமும் கோப்பில் இருப்பதைக் கட்டாயமாக்குங்கள். நோயாளிக்குத் தரும் விளக்கத்தாள் தமிழிலும் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வீட்டுச் செவிலியர்