காரைக்குடி பேட்டரிக் கடையிலிருந்து நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செக்காலை ரோட்டில் நம் கடை எங்கே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் அம்பாசடருக்கு பேட்டரி மாட்டிய வீடுகளில் இப்போது மகனின் காருக்கும் நானேதான் மாட்டுகிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வாரமாக ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சார்ஜ் போட்டாலே ஓடியிருக்க வேண்டிய பேட்டரியை, செத்துப்போச்சு என்று சொல்லி நாங்கள் புதுசை மாட்டிவிட்டோமாம். ஏழெட்டுப் பேர் எனக்கே அனுப்பி, என்னண்ணே இது என்று கேட்டார்கள். கேட்டவர்களிடம் பதில் சொல்லிவிட்டேன். கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இந்த மடல்.

பதிவில் சொல்லும் கார் பங்குனியில் வீட்டு முகப்பில் நிறுத்தியது. காரின் சொந்தக்காரர் வெளியூர். ஆவணியில் கல்யாணத்துக்கு வந்து சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் வயர் கொடுத்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்படியானால் பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்பதுதான் அந்தப் பதிவில் இருக்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அன்று செல்ஃப் மோட்டாரைச் சுற்றவைத்தது பக்கத்து வீட்டு பேட்டரி. இவர்களுடையதில் என்ன மிச்சம் இருந்தது என்பது அதில் தெரியாது.

பேட்டரியைக் கடைக்கு எடுத்துவந்து மூன்றரை ஆம்பியரில் ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் போட்டோம். மறுநாள் சாயங்காலம் மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது, அதாவது பார்வைக்கு முழு சார்ஜ். அந்த நேரத்தில் மாட்டிக் கொடுத்திருந்தால் பேரும் கெட்டிருக்காது, புது பேட்டரிக்கும் வேலை இருந்திருக்காது. ஆனால் காலி பேட்டரியை ஒரு ராத்திரி சும்மா வைத்துப் பார்க்காமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. காலையில் பார்த்தால் 10.6. ஒரு பேட்டரியில் ஆறு செல், செல்லுக்கு இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. பத்தரையில் வந்து நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். மூடியைத் திறந்து கிராவிட்டி, அதாவது உள்ளே இருக்கும் ஆசிட்டின் அடர்த்தி பார்த்தேன். ஐந்து செல்லில் 1230 பக்கம் இருந்தது. மூன்றாவது செல்லில் 1120தான், அளக்கும் கருவியின் மிதவை சரியாக எழும்பவில்லை. செல்ஃப் எடுக்கிற மாதிரி கரண்ட் இழுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டர் வைத்ததும் எட்டு வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. ஒன்பதரைக்கு மேலாவது நிற்க வேண்டும்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். அவர் பள்ளத்தூருக்குக் கிளம்பும் அவசரத்தில், "சரி, புதுசைப் போட்டுடுங்க" என்றார். போட்டேன். அங்கேதான் என் தவறு. அவரைக் கடைக்கு வரச்சொல்லி மீட்டரைக் கண்ணால் காட்டியிருக்க வேண்டும். அதற்காக அவரிடம் நேரிலேயே வருத்தம் சொல்லிவிட்டேன். பழைய பேட்டரியை விற்றுக் காசு பார்த்துவிட்டோம் என்று சொல்வது மட்டும் சரியில்லை. எக்ஸ்சேஞ்ச் தொகையை அன்றைய பில்லிலேயே கழித்திருக்கிறோம், பில் அவர் கையில்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று பேட்டரிக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபோதும், பழைய ஸ்டாக் என்று சாக்குச் சொல்லாமல் அன்றே குறைத்துப் பில் போட்ட கடை இது.

இனிமேல் எந்த பேட்டரியை மாற்றினாலும் முதலில் மீட்டர் படம் உங்கள் போனுக்கு வரும். பழையதை ஒரு வாரம் கடையில் வைத்திருப்போம். சந்தேகம் இருந்தால் எடுத்துப்போய் வேறு எங்கு வேண்டுமானாலும் காட்டுங்கள்.

நம் ஊரில் பாதி வீடுகளில் கார் மாதக்கணக்கில் நிற்கிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிச் சாவியை எடுத்துப்போனாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றாலே மாதத்துக்கு 36 ஆம்பியர்-ஹவர் ஆகிறது. சின்ன பெட்ரோல் காரில் இருப்பதே 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான். ஜிபிஎஸ், டேஷ் கேமரா மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் காலி. காலியான பிறகு அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் ஈயப் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எந்த சார்ஜரும் அதைக் கரைக்காது. வெயிலில் தண்ணீரும் வற்றுகிறது. அதனால் ஊருக்குப் போகும்போது 10-ஆம் நம்பர் ஸ்பானரால் மைனஸ் டெர்மினலைக் கழற்றித் துணி சுற்றிவிட்டுப் போங்கள். பாட்டுப் பெட்டியில் நேரம் மறந்துபோகும், அவ்வளவுதான். இல்லையென்றால் நம்பிக்கையான டிரைவரிடம் சாவியைக் கொடுத்து, பத்து நாளுக்கு ஒருமுறை பிள்ளையார்பட்டி வரை ஓட்டிவரச் சொல்லுங்கள். வாசலிலேயே ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைத்தால் பேட்டரி போதுமான அளவு சார்ஜ் ஆகாது. தண்ணீர் ஊற்றும் மூடி உள்ள பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கேன் தண்ணீர் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரும் சமையல் சோடாவும் போட்டுப் பழைய பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் வாஸ்லின் தடவினால் போதும்.

ஜம்பர் வயர் கொடுக்கும்போது பிளஸ்ஸுக்கு பிளஸ் மாட்டிய பிறகு, கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை நின்றுபோன காரின் எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். அந்தக் காரின் பேட்டரியில் மாட்ட வேண்டாம். பேட்டரியிலிருந்து எரியும் வாயு வரும், பொறி அதன் பக்கத்தில் பறக்கக் கூடாது.

குரல் பதிவு சுற்றிய வாரத்திலும் மூன்று ஆச்சிமார் வீட்டிலிருந்து, "நீங்க வந்து பார்த்தால் போதும்" என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எத்தனை தெம்பு வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்பது வருஷம் கடையில் என்னோடு வேலை பார்த்த தம்பி சிங்கப்பூர் போய்விட்டான். நல்ல இடம், சந்தோஷமாகத்தான் அனுப்பிவைத்தேன். அதனால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்க 300 ரூபாய், இரவு எட்டு மணிக்கு மேல் வர இயலாது. தீபாவளிக்கு ஊருக்கு வருபவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே ஒரு போன் போட்டுவிடுங்கள். நீங்கள் வந்து இறங்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகிற மாதிரி பார்த்துவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்