ஏலாததை ஏலாது எண்டு சொன்ன வேட்பாளர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரில ஒரு கட்டுரை வந்தது, வன்னியில இருக்கிற இளம் ஆக்களுக்கு அரசியலில அக்கறையே இல்லை, ஒண்டில் போனை நோண்டிக்கொண்டு இருக்கினம் இல்லாட்டி வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்குப் பின்னால திரியினம் எண்டு. எனக்கு 22 வயசு, முல்லைத்தீவு மாவட்டம், ஏ.எல் முடிச்சிட்டு ஒரு கொமினிகேஷன் கடையில போட்டோக்கொப்பி, டைப்பிங் வேலை செய்யிறன். எங்களுக்கு அக்கறை இல்லை எண்டு எழுத முதல், எங்களோட ஆர் வந்து இருந்து கதைச்சவை எண்டும் ஒருக்கா விசாரிச்சிருக்கலாம். அப்பிடிக் கதைச்ச ஒரு ஆளை எனக்குத் தெரியும், அவவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2025 மே 6 நடந்த உள்ளூராட்சித் தேர்தலில எங்கட வட்டாரத்தில நிண்ட ஒரு அக்கா. பேரும் கட்சியும் வேணுமெண்டே எழுதேல்லை, ஏனெண்டா உடன ஆரின்ர ஆள் எண்டு பாப்பினம், சொல்ல வந்த விசயம் அதோட போயிடும். முன்பள்ளி ரீச்சர், சைக்கிளில தான் வேலைக்குப் போறவ, அரசியல் குடும்பமும் இல்லை காசுக்காரக் குடும்பமும் இல்லை.

முதல் முதல் அவவை நான் கவனிச்சது எங்கட கடையில தான். தேர்தல் நேரம் நோட்டீஸ் அடிக்க வாறவை எல்லாரும் படத்தைப் பெரிசாப் போடு, கலரைக் கூட்டு எண்டு தான் நிப்பினம். இவ ஒரு ஏ4 தாளில கையால எழுதிக்கொண்டு வந்து, தங்கச்சி இதை வடிவா டைப் பண்ணித் தாங்கோ, கறுப்பு வெள்ளை காணும் எண்டா. பாத்தா அதில அவவின்ர படமே இல்லை. ஒரு பக்கம் எங்கட வட்டாரத்து றோட்டுகள் ஒவ்வொண்டும் ஆரின்ர பொறுப்பு எண்டு கிடக்கு, பரந்தன் முல்லைத்தீவு ஏ35 மாதிரிப் பெரிய றோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அடுத்த தரத்து றோட்டுகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, உள் ஒழுங்கையள் தான் பிரதேச சபைக்கு எண்டு. மற்றப் பக்கம் பிரதேச சபை செய்யக்கூடியது, செய்ய ஏலாதது எண்டு ரெண்டாப் பிரிச்சு எழுதியிருக்கு, தெருலைற், குப்பை, சந்தை, வாய்க்கால், நூலகம், சுடலை எல்லாம் ஒரு பக்கம், காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டவையின்ர விசாரணை, நுண்கடன் எல்லாம் மற்றப் பக்கம். நான் டைப் பண்ணிக்கொண்டே கேட்டன், என்னக்கா ஏலாததையும் போட்டிருக்கிறியள், ஆக்கள் வோட் போடாயினமே எண்டு. அதுக்கு அவ, தெரியாம வோட் போட்டுட்டு பேந்து என்னை ஏசுறதிலும் பாக்க தெரிஞ்சு போடாம விடட்டும் எண்டா.

எங்கட வீட்டுக்கு வந்தபோதும் அதே மாதிரித்தான். அம்மம்மாவின்ர கடைசி மகன், என்ர மாமா, 2009 இல காணாமல் ஆக்கப்பட்டவர். ஆர் வோட் கேட்டு வந்தாலும் அம்மம்மா அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டுவா, வாறவையும் நாங்கள் வந்தா கேப்பம் அம்மா, கட்டாயம் கேப்பம் அம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போவினம், போனவை போனது தான். இந்த அக்கா வாங்கிலில பக்கத்தில இருந்து படத்தை வாங்கி வடிவாப் பாத்துட்டு, அம்மா இதுக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாது, பிரதேச சபைக்கு அந்த அதிகாரம் இல்லை, பொய் சொல்லி உங்களட்ட வோட் வாங்க எனக்கு மனம் இல்லை எண்டு சொன்னா. எனக்கு நெஞ்சு பக்கெண்டது, அம்மம்மா கோவிக்கப் போறா எண்டு தான் நினைச்சன். அம்மம்மா கோவிக்கேல்லை, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகோணும் எண்டு இருத்தி வச்சா, மாமா சின்னனில செய்த குழப்படியெல்லாம் சொன்னா, அந்த அக்காவும் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட இருந்து கேட்டவ. வோட் கேட்டு வந்த ஒராள் எங்கட அம்மம்மாவின்ர கதையை முழுசாக் கேட்டதை நான் அண்டைக்குத்தான் பாத்தனான்.

இன்னொண்டும் சொல்லோணும். எங்கட ஒழுங்கை முடக்கில ஒரு மதவு, மாரி வந்தா தண்ணி ஏறி பள்ளிக்கூடப் பிள்ளையள் சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டு தான் போறவை. 2023 மார்ச்சோட சபையளின்ர காலம் முடிஞ்சிட்டுது, அந்த மார்ச் 9 நடக்க இருந்த தேர்தலும் காசில்லை எண்டு தள்ளிப் போச்சுது, அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் உறுப்பினர் எண்டு ஒருத்தரும் இல்லை, ஆரட்டப் போய்ச் சொல்லுறது எண்டே தெரியாம சனம் இருந்தது. அக்கா எங்களைக் கூட்டி, 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, அதில இந்த நாட்டுக் குடிமக்கள் ஆரும் எழுதிக் கேக்கலாம், ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள்ள தாறமோ இல்லையோ எண்டு அவை முடிவு சொல்லியே ஆகோணும் எண்டு விளங்கப்படுத்தினா. அவவே எழுதிக் குடுத்திருந்தா அவவுக்கு நல்ல பேர் வந்திருக்கும், ஆனா என்னைக் கொண்டு தான் எழுதுவிச்சவ, என்ர பேரில, என்ர கையெழுத்தோட. பதில் கடிதம் என்ர பேருக்கு வந்தபோது அப்பா அதை ரெண்டு தரம் வாசிச்சவர். அந்த றோட்டு ஆரின்ர பொறுப்பு, கடைசியா எப்ப காசு ஒதுக்கினது எண்டு எல்லாம் அதில இருந்தது. மதவு இன்னும் திருத்தேல்லை, அது உண்மை. ஆனா இப்ப ஆரட்டக் கேக்கோணும் எண்டு எங்கட ஒழுங்கையில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பெண்கள் வரோணும் எண்டு எல்லாரும் மேடையில கதைக்கினம். 2016 இல சட்டத்தைத் திருத்தி சபையளில 25 வீதம் பெண்கள் எண்டு கொண்டு வந்தது நல்ல விசயம், ஆனா 2017 இல வந்த திருத்தத்தில வட்டாரப் பட்டியலில 10 வீதம், வட்டாரத்தில நேரடியா நிக்காதவையின்ர மேலதிகப் பட்டியலில 50 வீதம் பெண்கள் போட்டாக் காணும், அதால கன கட்சியள் பெண்களை அந்த மேலதிகப் பட்டியலில பேருக்குப் போட்டுட்டு விட்டிடினம். இந்த அக்கா வட்டாரத்தில நேரடியா நிண்டவ. இருட்டினாப் பிறகு பொம்பிளை என்ன வீடு வீடாத் திரியிறது எண்டு கதைச்ச ஆக்களும் இருக்கினம், பேஸ்புக்கில எழுதினதுகளை இஞ்ச எழுத ஏலாது. அவ அதுக்கு ஒரு பதிலும் போடேல்லை, அடுத்த நாளும் அதே சைக்கிளில வந்தவ. எனக்கு அது பெரிய தைரியமாத் தெரிஞ்சுது, எங்கட வயசுப் பெட்டையளுக்கு எல்லாம் தான்.

அவ வெல்லேல்லை. உள்ளூராட்சி வாக்குச்சீட்டில வேட்பாளரின்ர பேர் இருக்காது, கட்சியின்ர பேரும் சின்னமும் தான், எங்கட சனமும் வழக்கமாப் போடுற சின்னத்துக்கே புள்ளடி போட்டிட்டுது. முடிவு வந்த அண்டு நான் அழுதனான். அவ அடுத்த கிழமை கடைக்கு வந்து, தங்கச்சி அந்தத் தகவல் அறியும் உரிமை (ஆர்.டி.ஐ) போமில இன்னும் கொஞ்சம் கொப்பி அடிச்சுத் தாங்கோ, பக்கத்து ஊர்ப் பெடியள் கேக்கினம் எண்டா. காசு வேண்டாமக்கா எண்டன், விடேல்லை, எண்ணித் தந்திட்டுத்தான் போனவ.

ஆசிரியர் அவர்களே, உங்களட்ட ஒரு வேண்டுகோள். தேர்தல் வந்தா கட்சித் தலைவர்மாரின்ர அறிக்கையைத்தான் முன்பக்கத்தில போடுறியள். வட்டாரத்தில நிக்கிறவை ஆர், என்ன செய்தவை, சபையின்ர வேலை என்னெண்டு அவைக்குத் தெரியுமோ எண்டு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கோ. மாகாணசபைத் தேர்தல் வடக்கில கடைசியா நடந்தது 2013 செப்டெம்பரில, அப்ப எனக்குப் 10 வயசு, அது திரும்ப எப்ப வைச்சாலும் அந்த அக்கா நிக்கோணும் எண்டு நானும் என்ர சிநேகிதப் பிள்ளையளும் இப்பவே அவவைக் கரைச்சல் படுத்திக்கொண்டிருக்கிறம். நிண்டா நாங்கள் வீடு வீடாப் போவம். அந்தக் கட்டுரை எழுதினவர் விரும்பினா அப்ப எங்களோட வந்து பாக்கலாம்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்ட வாசகி ஒருத்தி