போட்டோவுக்கு என்ன சட்டை போட்டு அனுப்புவது?

19.01.2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இந்தக் கடிதம் மதிப்பெண் பற்றியது இல்லை, பயப்படாமல் படிக்கலாம்.

வரும் 29 வியாழக்கிழமை பன்னிரண்டாம் வகுப்புக்கும், 30 வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்புக்கும் பள்ளியில் போட்டோ எடுக்கிறோம். இதை வகுப்பில் சொன்ன நாளிலிருந்து என் அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், பிள்ளைக்கு என்ன துணி போட்டு அனுப்புறது?" வேதாளையிலிருந்து ஓர் அம்மா இதற்காகவே பஸ் ஏறி வந்தார். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்வதைவிட எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எடுப்பது இரண்டு படம். ஒன்று சீருடையில், பள்ளிப் பதிவுக்காக, பாஸ்போர்ட் அளவில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சட்டையில் பித்தான் இருந்தால் போதும். இன்னொன்று பிள்ளைக்காகவே எடுக்கும் தனிப்படம். வீட்டுத் துணியில், மார்பளவு, ஐந்துக்கு ஏழு அங்குலத்தில் ஒரு பிரதி போட்டுக் கையில் கொடுப்போம். செலவை நம் பழைய மாணவர்கள் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். கேள்வி எல்லாம் இந்த இரண்டாவது படத்துக்குத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்காகப் புதுத் துணி எடுக்காதீர்கள்.

போன வருஷம் இதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, என் தவறுதான். ஓர் அப்பா படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ராமநாதபுரம் போய் மகனுக்கு பேன்ட், சட்டை, ஷூ என்று தலை முதல் கால் வரை எடுத்துக் கொடுத்தார். படம் மார்பளவு. அந்த ஷூவை போட்டோகிராபர்கூடப் பார்க்கவில்லை. பையன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நடந்து போனதை நான் பார்த்தேன், மணல் பட்டால் கெட்டுவிடுமாம். அதே வருஷம் ஒரு பெண் பிள்ளை இரண்டு நாளும் பள்ளிக்கே வரவில்லை. காய்ச்சல் என்று லீவ் லெட்டர் வந்தது. பிறகு தோழிதான் சொன்னாள், போட்டுவர நல்ல சுடிதார் இல்லை என்று. நாங்கள் ஆசைப்பட்டுச் செய்த ஒரு காரியம் ஒரு பிள்ளையை வீட்டில் உட்கார வைத்தது. இந்த வருஷமும் அது நடக்கக் கூடாது.

பொங்கலுக்கு எடுத்தது இருக்கும். இல்லையென்றால் தீபாவளிக்கோ, கிறிஸ்துமஸுக்கோ, போன பெருநாளுக்கோ எடுத்தது இருக்கும். அதுவும் இல்லையா, பிள்ளை அடிக்கடி போட்டுக்கொள்ளும், போட்டால் முகம் மலரும் ஒரு சட்டை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அதுதான் வேண்டும். துவைத்து, தேய்த்திருந்தால் போதும். இரண்டு முறை துவைத்த துணி உடம்பில் படிந்து உட்காரும். கடை மடிப்புக் கலையாத சட்டை தோளில் அட்டைபோல நிற்கும், பிள்ளையும் அட்டைபோலவே நிற்பான்.

சரி, நிறத்துக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் வெள்ளைச் சட்டை என்று மனத்தில் வைத்திருக்கிறீர்கள். வெள்ளை நல்ல நிறம்தான், கேமராவுக்கு மட்டும் கொஞ்சம் ஆகாது. போட்டோகிராபர் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். தானாக வெளிச்சத்தை அளந்துகொள்ளும் கேமரா, எதிரே வெள்ளை அதிகமாக இருந்தால் 'வெளிச்சம் கூடிப்போச்சு' என்று நினைத்துப் படத்தை மங்கலாக்கிவிடும். சட்டை பளிச்சென்று விழும், முகம் இருண்டு போகும். அப்புறம் வீட்டில் எல்லாரும் படத்தைப் பார்த்து, "பிள்ளை கருத்துல்ல விழுந்திருக்கான்" என்பீர்கள். பிள்ளை கருக்கவில்லை. அது சட்டை செய்த வேலை. முழுக்கக் கறுப்பு போட்டால் இது தலைகீழாகும், முகம் வெளுத்துச் சாயம் போனமாதிரி வரும். நாங்கள் பின்னால் கட்டுவதும் கருஞ்சாம்பல் துணி. கறுப்புச் சட்டைக்காரன் அதற்குள் கரைந்து வெறும் தலை மட்டும் மிதக்கும். நல்ல போட்டோகிராபர் இதையெல்லாம் கையால் திருத்திக்கொள்வார். ஆனால் ஒரு காலையில் அறுபது பிள்ளைகள் நிற்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் திருத்திக்கொண்டிருக்க முடியுமா?

போதாததற்கு நம் ஊர்த் தண்ணீர். உப்புத் தண்ணீரில் நாலு முறை அலசினால் எந்த வெள்ளையும் பழுப்பேறிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளின் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் எடுப்பாக இருப்பவை அழுத்தமான நிறங்கள். அரக்கு, மயில்கழுத்து நிறம், கரும்பச்சை, கடல் நீலம், மஞ்சள் கிழங்கு நிறம். என்னைக் கேட்டால் அரக்குக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, ரோஸ் வகையறா வேண்டாம். அந்த நிறம் வெளிச்சத்தில் பிரதிபலித்துத் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் ஒரு பையனின் கழுத்து பச்சை பிடித்தமாதிரி வந்து, அவனுக்கு இன்றுவரை அதுவே பட்டப்பெயர். நெருக்கமான பொடிக் கோடு, பொடிக் கட்டம் போட்ட சட்டைகளையும் தவிருங்கள். படத்தில் அவை நெளிநெளியாக, தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி அலையும். பெரிய கட்டம் என்றால் பரவாயில்லை.

எழுத்து அச்சடித்த பனியன் வேண்டாம். எழுத்தைக் கண்டால் கண் முதலில் அதைத்தான் படிக்கும், முகத்துக்கு அப்புறம்தான் வரும். சில பனியன்களில் எழுதியிருக்கும் ஆங்கிலத்துக்கு அர்த்தம் தெரிந்தால் நீங்களே அதை அடுப்புத் துடைக்கப் போட்டுவிடுவீர்கள். நடிகர் படமும் வேண்டாம். கட்சி, சாதி அடையாளம் உள்ள பனியன், கைக்கயிறு எதுவும் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

முக்காடு போடும் பிள்ளைகள் முக்காட்டோடேயே வரட்டும். தொப்பி, திருநீறு, பொட்டு, பூ, சிலுவைச் செயின் எதுவானாலும் வீட்டில் வழக்கமாக எப்படி இருப்பார்களோ அப்படியே இருக்கலாம். முக்காட்டுக்கு மட்டும் ஒரு சின்னக் குறிப்பு. நெற்றிக்கு மேல் முன்னால் தள்ளி இழுத்திருந்தால் கண்ணில் நிழல் விழுகிறது, ஒரு விரற்கடை பின்னால் இருந்தால் போதும். பளபளக்கும் துணியைவிட பருத்தி நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் கழற்ற வேண்டாம். தலையை லேசாகச் சாய்த்தால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது, அதை அங்கேயே பார்த்துக்கொள்வோம்.

இப்போது பவுடர். அம்மாமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தாராளமாகப் பவுடர் போட்டு, கழுத்து வரை வந்ததும் கை நின்றுவிடுகிறது. ஃபிளாஷ் அடித்ததும் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகவும் கழுத்து வேறொருவருடையதாகவும் தெரியும். பிள்ளையின் நிறம் பிள்ளையின் நிறமாகவே விழட்டும். சோப்புப் போட்டு முகம் கழுவி வந்தால் போதும். தலைக்கு எண்ணெய் முந்தின நாள் வைத்துவிடுங்கள். காலையில் வைத்தால் நெற்றிக்கு வழிந்து அங்கே ஒரு விளக்கு எரியும்.

மேலே சொன்ன சிலுவைச் செயின் தவிர நகை வேண்டாம். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய செயின் வேண்டவே வேண்டாம். போன வருஷம் ஒரு பிள்ளையின் கம்மல் திருகாணி மணலில் விழுந்துவிட்டது. சத்துணவுக் கூடத்திலிருந்து சல்லடை வாங்கிவந்து, நானும் உடற்கல்வி ஆசிரியரும் ஆயாம்மாவும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மணல் சலித்தோம். கிளிஞ்சல் துண்டு, உடைந்த பேனா மூடி, பழைய அம்பது காசு எல்லாம் வந்தது. கடைசியில் அந்தத் திருகாணி பிள்ளையின் தாவணி மடிப்பிலேயே இருந்தது! அவள் அழுது அழுது கண் வீங்கி, அன்றைக்குப் படமே எடுக்க முடியவில்லை.

இரவல் துணிக்கு நானே சாட்சி. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னை ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரில் ஓர் ஆணியில் கறுப்புக் கோட்டு ஒன்று தொங்கும். ஊரில் பாதி ஆண்பிள்ளைகளின் படத்தில் இருப்பது அந்த ஒரே கோட்டுதான். நான் அப்போது பனைமட்டை மாதிரி இருப்பேன். கோட்டை மாட்டி, முதுகுப் பக்கம் தொளதொளவென்று இருந்ததைத் துணிக் கிளிப் போட்டு இறுக்கி, "மூச்சு விடாதே" என்றார் ஸ்டூடியோக்காரர். படம் வந்ததும் அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "யாருடா இந்தத் துரை?" என்றது. என் இளவயதுப் படம் என்று இன்று இருப்பது அது ஒன்றுதான். அதில் என் சாயலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு நான் போட்டுப்போன ஊதாச் சட்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கோட்டுக்கு உள்ளே போய்விட்டது.

சென்ற வாரம் பத்தாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். என் அறையில் கலாம் அவர்களின் படம் இருக்கிறது. 1931-ல் ராமேசுவரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர். நம் பிள்ளைகள் தினமும் கடந்து போகும் படம் அது. "அதில் ஐயா என்ன நிறத்தில் சட்டை போட்டிருக்கிறார்?" என்றேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. முடியைச் சொன்னார்கள், சிரிப்பைச் சொன்னார்கள். இத்தனைக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கிறவர்கள்.

இந்தப் படத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று சிலர் நினைக்கலாம், கையில் செல்போன் இருக்கிறதே என்று. நம் கடற்கரையில் பல வீடுகளில் படம் என்றால் ஒன்று அடையாள அட்டைக்கு எடுத்ததாக இருக்கும், இல்லை மாலை போட்டதாக இருக்கும். மீனவர் அடையாள அட்டையிலிருந்த படத்தையே பெரிதாக்கி மாலை போட்ட வீடுகளுக்கு நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு. அதில் ஒரு பெரியவர் என்னிடம் வீட்டைப் பற்றியும் படகைப் பற்றியும் சொல்லிவிட்டு, கடைசியில்தான், "அக்கா முகம் மறந்துபோச்சு சார், ஒரு படம் இல்ல" என்றார். செல்போன் படம் செல்போன் விழுகிறவரைக்கும்தான்.

விருப்பமுள்ள அம்மா, அப்பா, அத்தா, அப்பத்தா யாரும் வரலாம். பிள்ளையோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துத் தருவோம். அதற்கும் இதே பதில்தான், புதுச் சேலை வேண்டாம். போன வருஷம் பாசி எடுக்கப் போகும் ஓர் அம்மா, கடலிலிருந்து நேரே, சேலைக்கு மேல் போட்ட ஆண் சட்டையோடு வந்துவிட்டார். வெட்கப்பட்டுத் தள்ளியே நின்றார், மகள்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினாள். சட்டையைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அம்மா என்றேன். எடுத்த அத்தனை படத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

இனி நேரம். காலை 8 மணிக்குத் தொடங்குகிறோம். மேற்குத் தாழ்வாரத்தில் எடுப்போம். அந்த நேரத்தில் கட்டடத்தின் நிழல் அங்கே இருக்கும், வாடைக்காற்றும் அந்தப் பக்கம் அடிக்காது, முன்னால் கிடக்கும் வெள்ளை மணலில் பட்ட வெளிச்சம் முகத்துக்கு வரும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணெல்லாம் குழியாகிவிடும் என்பதால் 11 மணிக்குள் முடித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகிறவர்களுக்கும் தடை இருக்காது. பிள்ளைகள் சீருடையில் வரட்டும், இரண்டாவது படத்துக்கான மேல்துணியை மட்டும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் கசங்காமல் இருக்க மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

படங்களைப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போட மாட்டோம். பிரதி உங்கள் கையில் வரும், அவ்வளவுதான். தனிப்படம் எடுக்க விருப்பம் இல்லை என்றால் ஒரு சீட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு 23-ம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், காரணம் கேட்க மாட்டோம். துணி விஷயத்தில் ஏதாவது சங்கடம் இருந்தால் சீட்டில் எழுத வேண்டாம், மாலை 4 மணிக்கு மேல் என்னை வந்து பாருங்கள். நானும் ஆசிரியைகளும் நல்ல சட்டை, சுடிதார் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறோம். அதைப் பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது என்பதை என் பொறுப்பில் விடுங்கள்.

சீப்பு, ஊக்கு, ஒரு கைக்கண்ணாடி மூன்றும் ஆயாம்மாவிடம் இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்