மலருக்கு: சந்தைக் கூட்டமும் ஒரு விநாடி ஷட்டரும்

கிருஷ்ணகிரி,
ஆடி மாதம்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை, கோயில் வரைக்கும் நடக்க முடிகிறது. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னது. மாங்காய் லாரிகள் ஓய்ந்துவிட்டன. ஆடியில் முகூர்த்தம் ஏது? ஸ்டூடியோவுக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருகிறவர்கள்தான். ஆவணி பிறந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போச்சம்பள்ளி சந்தைக்குப் போய்விடுகிறேன்.

பெங்களூருவில் பையன் வீட்டில் பகல் முழுக்க ஒற்றையாக இருக்கும்போது ஒன்றும் தோன்றுவதில்லை, மெட்ரோவில் நாலு பக்கமும் ஆள் இடிக்க நிற்கும்போதுதான் யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் சந்தையில் எடுக்கப் பார்ப்பது அதைத்தான் மலர். சாதாரண ஷட்டர் வேகத்தில், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் சட்டென்று திறந்து மூடினால், அது விழவே மாட்டேன் என்கிறது. ஒரு விநாடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கில் எடுத்தால் எல்லாருக்கும் முகம் தெளிவாக வந்துவிடும். முகம் தெரிந்தால் கூட்டம் உறவுக்காரக் கூட்டமாகிவிடுகிறது, கல்யாண ஆல்பம் மாதிரி.

அதனால் ஷட்டரைத் திறந்தே வைக்கிறேன். வெயிலில் அப்படி வைத்தால் படம் வெளுத்துப்போகும் என்பது உனக்குத் தெரியும். 64-இல் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் என்டி ஃபில்டரை லென்ஸில் மாட்டி, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 100, லென்ஸ் துளையான அப்பெர்ச்சரைச் சின்னதாக எஃப் 16 என்று வைத்தால் உச்சி வெயிலிலும் அரை விநாடிக்குமேல் கிடைக்கிறது. புளியமர நிழலுக்கு நகர்ந்தால் ஒரு விநாடி, இரண்டு விநாடி. கை படாமல் இருக்க டைமரில் விடுகிறேன்.

எவ்வளவு நேரம் திறப்பது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம் விடும் கறுப்பு ஃபில்டரைப் போட்டு அரை நிமிடம் திறந்தால் நடக்கிறவர்கள் யாரும் படத்தில் தங்க மாட்டார்கள். 1838-இல் பாரிஸில் புகைப்படக் கலையின் முன்னோடி தாகேர் எடுத்த தெருப் படத்தில் நடந்தது அதுதான். பூல்வார் து தாம்பிள் என்ற நெரிசலான சாலை. சில நிமிடங்கள் திறந்து வைத்ததில் வண்டியும் ஜனமும் மறைந்துபோய், நின்று பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒரு மனிதர் மட்டும் அடையாளம் தெரிகிறார். எனக்கு மிகப் பிடித்த படம். ஆனால் அது ஆளில்லாத தெரு. நீ எழுதிய தனிமைக்குக் கூட்டம் வேண்டும். அது உடம்பை உரசிக்கொண்டு போக வேண்டும், முகம் மட்டும் காட்டக் கூடாது. அதற்கு அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

அலெக்ஸி டிட்டரென்கோ என்ற ரஷ்யர் 1992-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மெட்ரோ நிலையத்து வாசல் படிக்கட்டில் எடுத்த படத்தைக் கண்டிப்பாகத் தேடிப் பார். சோவியத் உடைந்த மறு வருடம். ஏறும் ஜனம் மொத்தமும் கரைந்து கிடக்கிறது, கைப்பிடிக் கம்பியைப் பற்றிய கைகள் மட்டும் தெரிகின்றன. கம்பியில் கை கொஞ்சம் நிற்கிறது அல்லவா, அதனால் ஃபிலிமில் தங்கிவிட்டது.

போச்சம்பள்ளியில் கைக்குப் பதில் கால்! ஓரமாகச் சாக்கு விரித்துப் புளியைக் கூறு கட்டி ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். "படம் எடுக்கட்டுங்களா பாட்டி?" என்றேன். "எடுத்துக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி வழியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அசையாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் உடம்பு விறைத்துவிடும், ஸ்டூடியோவில் தினம் பார்க்கிறேனே. ஏற்கெனவே காத்திருக்கிறவர்களைத்தான் தேடிப் போகிறேன். ஒரு விநாடி திறந்தேன். ஆட்டுக்காரர்கள், பை தூக்கிய பெண்கள் எல்லாரும் இடுப்புக்கு மேல் வெறும் சாம்பல் தீற்றல். நடக்கும்போது தரையில் ஊன்றிய பாதம் ஒரு கணம் நிற்பதால் அங்கங்கே செருப்பு மட்டும் விழுந்திருக்கிறது. நடுவில் பாட்டியின் விரல், புளியில் ஒட்டிய நார், கண்ணோரச் சுருக்கம் எல்லாம் துல்லியம். திரையில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தச் செருப்பு யாருதும்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. அசையாமல் இருக்கும் பாட்டிதான் தனி என்று எண்ணித்தான் எடுத்தேன். ஆனால் அவருக்கு முகமாவது இருக்கிறது. கடந்து போன அத்தனை பேருக்கும் அதுவும் இல்லை. நீ மெட்ரோவில் பார்க்கிற பக்கத்து ஆளும் தன் கணக்கில் அப்படித்தான் நிற்கிறானோ என்னவோ. நீ என்ன நினைக்கிறாய், சொல்லுடி.

இரவில் தருமபுரி பஸ் ஸ்டாண்டிலும் முயன்றேன். பெங்களூரு வண்டிக்குக் கட்டட வேலை ஆட்கள் மூட்டையோடு நிற்கும் நேரம். பஸ் விளக்குகள் சிவப்புக் கோடாக ஓடித் திருவிழா மாதிரி ஆக்கிவிடுகின்றன. அழகாக இருக்கிறது, ஆனால் மூட்டைமேல் உட்கார்ந்தவர் பக்கம் கண் போவதே இல்லை. கறுப்பு வெள்ளையில் மாற்றினால் கொஞ்சம் அடங்குகிறது.

தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போகலாமா? சாம்பல் பூசணி விளக்கு ஏற்ற வருகிற கூட்டம் உனக்குத் தெரியாததில்லை. கும்பிட்டபடி அசையாமல் நிற்பவர்கள் அங்கே நிறைய. இரண்டு பேராகப் போனால் ஒருத்தி கேட்டு அனுமதி வாங்கலாம், ஒருத்தி எடுக்கலாம். முந்தின நாளே வந்து இங்கே தங்கிக்கொள். உன் பழைய ட்ரைபாடையும் எடுத்து வா, என்னுடையதில் ஒரு காலின் பூட்டு நழுவுகிறது.

அன்புடன்,
சாந்தி