பொதுக்குழுவைக் கூட்டுங்க: நம்ம கிளப் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம்ம சுதந்திரச் சிந்தனை கிளப்போட நிர்வாகக் குழுத் தோழர்களுக்கும் அட்வைசர் சாருக்கும் வணக்கம்.

மெம்பர்ஸ் பேரோட பப்ளிக் பேஜ்ல போட்ட அந்த குரூப் போட்டோ விஷயமாத்தான் எழுதுறேன். என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், மொதல்ல இருந்து திரும்ப சொல்லப் போறதில்ல. தனியா நாலு மெயில் போட்டேன், கமிட்டி குரூப்ல ரெண்டு தடவ கேட்டேன், தலைவர நேர்ல பார்த்தும் பேசினேன், ஒவ்வொரு தடவையும் "பார்த்துக்கலாம்", "செமஸ்டர் முடியட்டும்"னுதான் பதில் வந்துச்சு, அதனாலதான் எல்லா மெம்பர்ஸும் படிக்கிற மாதிரி எழுத வேண்டியதாப் போச்சு. கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. பொதுக்குழுவைக் கூட்டுங்க. மெம்பர்களோட பேர், போட்டோ, லிஸ்ட் எல்லாம் யார் கையில இருக்கணும், யாரைக் கேட்டுட்டு வெளிய போகணும்னு அங்க உக்காந்து ஒரு விதி போடுவோம். அதே கூட்டத்துலயே தேர்தலையும் வச்சிடுங்க, அது தள்ளிப் போய் அஞ்சு மாசம் ஆச்சு.

அந்த போட்டோல இருந்த முதல் வருஷப் பொண்ணப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். போன வாரம் லைப்ரரில பார்த்தப்ப அவகிட்ட கேட்டுட்டேன். பேர் வேண்டாம், டிபார்ட்மென்ட் வேண்டாம், மத்தத எழுதுங்க அக்கான்னு சொன்னா.

அவ நம்ம கிளப்புக்கு வந்தது மேடையேறி கடவுள் இல்லன்னு சொல்றதுக்காக இல்ல தோழர்களே. வீட்ல யார்கிட்டயும் கேக்க முடியாத சில கேள்விங்க அவகிட்ட இருந்துச்சு. நம்பிக்கை போயிட்டா நல்லது கெட்டத எத வச்சு முடிவு பண்றது, செத்துப் போன பாட்டிய இனிமே எப்படி நினைச்சுக்கிறது, இந்த மாதிரி. மூணு மாசம் கடைசி வரிசைல உக்காந்து கேட்டுட்டு மட்டும் போவா. நாலாவது மாசம்தான் வாயத் தொறந்தா. பாட்டியப் பத்தி அவ பேசின அன்னிக்கு ஹால்ல ஒருத்தரும் குறுக்க பேசல, பேசி முடிச்சதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லல. ரெண்டரை வருஷமா இந்த கிளப்ல இருக்கேன், இது எதுக்காக இருக்குன்னு எனக்குத் தெளிவாப் புரிஞ்சது அன்னிக்குத்தான்.

அதுக்கப்புறம் ஆண்டு நிறைவுக் கூட்டம். எல்லாரும் சேர்ந்து நின்னு எடுத்த போட்டோ. "நம்ம கிளப்புக்காக"ன்னுதான் சொன்னீங்க, நானும் அந்த வரிசைல நின்னேன். மறுநாள் அது பப்ளிக் பேஜ்ல இருந்துச்சு, கீழ வரிசையா பேர், வருஷம், டிபார்ட்மென்ட். ராத்திரி பத்தரைக்கு அவகிட்ட இருந்து மெசேஜ். "அக்கா அந்த போட்டோவ எடுக்கச் சொல்ல முடியுமா, சித்தப்பா பார்த்துட்டார்." அவ்ளோதான்.

உடனே செயலாளருக்கு போன் பண்ணேன். கமிட்டில கேக்காம எடுக்க முடியாதுன்னார். போடுறதுக்கு முன்னாடி யாரைக் கேட்டீங்கன்னு அப்ப எனக்குக் கேக்கத் தோணல, இப்பக் கேக்கிறேன். கமிட்டி ரெண்டு நாள் பேசுச்சு. சரி எடுத்துடலாம்னு முடிவானதுக்கு அப்புறம்தான் தெரிய வருது, பேஜோட பாஸ்வேர்ட் இப்ப இருக்கிற ஏழு நிர்வாகிகள்ல ஒருத்தர்கிட்டயும் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சு முடிச்சிட்டுப் போன முன்னாள் தலைவர்கிட்டதான் இருக்கு, நீங்க போட்டோவ அவருக்கு அனுப்புவீங்க, அவர் போடுவார், இதுதான் இத்தனை நாளா நடந்திருக்கு. அவர் அப்ப பயணத்துல இருந்தார், மெசேஜ் பார்க்கல. மொத்தம் ஒன்பது நாள் அந்த போட்டோ அங்கயே இருந்துச்சு. ஒன்பது நாள்ல யார் யார் பார்த்தாங்க, யார் யாருக்கு அனுப்பினாங்க, அது எந்தெந்த போன்ல இன்னும் இருக்குன்னு நம்ம யாராலயும் சொல்ல முடியாது.

இப்ப அவ அப்பா தினமும் கேட் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போறார், கிளாஸ் முடியிற நேரத்துக்கு அதே எடத்துல வந்து நிக்கிறார். அவ போனையும் வீட்ல வாங்கி வச்சிட்டாங்க. அடுத்த வருஷம் படிக்க அனுப்புவாங்களான்னு தெரியலக்கான்னு சொன்னா. "அப்பா கெட்டவர் இல்லக்கா, பயந்துட்டார்"னும் சொன்னா. அழல. கையில இருந்த புக்க ரிட்டர்ன் பண்ணிட்டுப் போயிட்டா.

இதுல எனக்கும் பங்கு இருக்கு. நம்ம மெம்பர்ஷிப் ஃபார்ம்ல மேல ஒரு வரி இருக்கே, "நீங்கள் தரும் விவரங்கள் கிளப்புக்கு வெளியே பகிரப்படாது"ன்னு, போன வருஷம் இணைச் செயலாளரா இருந்தப்ப அந்த வரிய டைப் பண்ணது நான்தான். அத நம்பித்தான் அந்தப் பொண்ணு பேர் எழுதிக் கொடுத்தா. வாக்கு கொடுத்தா மட்டும் போதுமா, அதக் காப்பாத்த பைலால, அதாவது கிளப்போட சட்டதிட்டத்துல, ஒரு விதி வேணும்னு அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும், புரியல. அதனாலதான் இப்ப இத விட முடியல.

கமிட்டி மீட்டிங்ல துணைத் தலைவர் சொன்னது என் காதுக்கும் வந்துச்சு. வெளிய சொல்ல தைரியம் இல்லாதவங்க சுதந்திரச் சிந்தனை கிளப்புக்கு ஏன் வரணும்னு கேட்டாராம். தோழர், நீங்க மேடைல அடிக்கடி ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியப் பத்திப் பேசுவீங்க, கடவுள் மறுப்புத் துண்டுப்பிரசுரம் எழுதினதுக்காக 1811-ல ஆக்ஸ்ஃபோர்ட்ல இருந்து வெளியேத்தினாங்கன்னு. அதோட மீதிக் கதையையும் சொல்லுங்க. அந்தப் பிரசுரத்துல அவர் தன் பேரப் போடல. நீதான் எழுதினியான்னு கேட்டப்ப பதில் சொல்ல மாட்டேன்னுட்டார், வெளியேத்தினது அதுக்கும் சேர்த்துத்தான். பதினெட்டு வயசு, அவரும் முதல் வருஷ மாணவர்தான். பேரச் சொல்றதா வேண்டாமாங்கிறத அவரே முடிவு பண்ணார். அவரக் கோழைன்னு நீங்க சொல்ல மாட்டீங்க, அப்ப இந்தப் பொண்ண மட்டும் ஏன் அப்படிச் சொல்றீங்க?

இது என்னோட சொந்தக் கருத்து மட்டும் கிடையாது. 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தோட 18-வது பிரிவு, நம்பிக்கைய மாத்திக்கிற உரிமையச் சொல்ற அதே எடத்துல தனியாவும் கூட்டாவும், வெளிப்படையாவும் தனிமையிலயும்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் சொல்லுது. 1993-ல ஐ.நா. மனித உரிமைக் குழு இன்னும் தெளிவாவே சொல்லிடுச்சு, இந்தப் பாதுகாப்பு நாத்திகர்களுக்கும் உண்டு, தன்னோட எண்ணத்தையோ நம்பிக்கையையோ வெளியிடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு. அமெரிக்காவுல கறுப்பின மக்களோட உரிமைக்காகப் போராடின என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புகிட்ட அலபாமா மாநில அரசு மெம்பர் லிஸ்டக் கேட்டுச்சு. தர மாட்டோம்னாங்க, ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்துச்சு, அப்பவும் தரல. கடைசியா 1958-ல உச்ச நீதிமன்றம் ஒருமனதா அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, லிஸ்ட் வெளிய போனா மெம்பர்களுக்கு என்ன ஆகும்னு யோசிச்சுச் சொன்ன தீர்ப்பு அது. ஒரு அரசாங்கமே கேட்டும் அவங்க மெம்பர்ஸக் காட்டிக் கொடுக்கல, நம்மகிட்ட யாரும் கேக்கவே இல்ல தோழர்களே, நாமளே எடுத்துப் போட்டுட்டோம்.

இப்ப தேர்தலுக்கு வர்றேன், ரெண்டும் ஒரே பிரச்சினைதான். நம்ம பைலால விதி 6, நிர்வாகிகளோட காலம் ஒரு கல்வியாண்டு. விதி 9, பைலாவ மாத்தணும்னா பதினாலு நாள் முன்னாடி நோட்டீஸ், அப்புறம் பொதுக்குழுல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு. நடந்தது என்ன? கமிட்டி குரூப்ல ராத்திரில ஒரு ஓட்டெடுப்பு, ஏழு பேர்ல நாலு பேர் சரின்னு போட்டாங்க, காலம் நீட்டிப்பு ஆயிடுச்சு. மினிட்ஸ் நோட்டுல ஒரு வரி இல்ல. கேட்டா, கேம்பிரிட்ஜ்ல 1909-ல ஆரம்பிச்ச ஹெரெட்டிக்ஸ் சொசைட்டிங்கிற சுதந்திரச் சிந்தனைச் சங்கத்த நம்ம தலைவர் உதாரணம் காட்டுறார், அங்க அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான சி.கே. ஆக்டன் பத்து வருஷத்துக்கு மேல தலைவரா இருந்தார், தொடர்ச்சி முக்கியம்னு. இருந்தார், உண்மைதான். அவங்க எப்படி நடத்தினாங்கங்கிறது அவங்க பாடு, நாம ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டது ஒரு கல்வியாண்டுக்கு. தொடர்ச்சி வேணும்னா ஆள மாத்தாம வச்சிருக்க வேண்டியதில்ல, பொறுப்ப ஒழுங்காக் கைமாத்திக் கொடுத்தாப் போதும், அது நடந்திருந்தா அந்த பாஸ்வேர்ட் இன்னிக்கு செயலாளர்கிட்ட இருந்திருக்கும், போட்டோவும் அன்னிக்கு ராத்திரியே போயிருக்கும்.

ஹெரெட்டிக்ஸ் பத்திப் பேச்சு வந்ததால இன்னொண்ணும் சொல்லிடுறேன், ரொம்ப நாளா மனசுல இருக்கு. அந்த மேடைல 1923-ல விஞ்ஞானி ஹால்டேன் வந்து அறிவியல் மனுஷனோட எதிர்காலத்த என்ன பண்ணும்னு பேசினார், மறுவருஷம் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் வந்து நாவல்ல ஒரு மனுஷிய எப்படி எழுதுறதுன்னு பேசினாங்க. கடவுள் உண்டா இல்லையான்னு தினமும் அடிச்சுக்கிறது மட்டும் சுதந்திரச் சிந்தனை இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நாம இந்த வருஷம் நடத்தின கூட்டங்கள எண்ணிப் பாருங்க, முக்கால்வாசி யாரையாவது மேடைக்குக் கூப்பிட்டு மடக்குறது, மடக்கினத வீடியோவா வெட்டிப் போடுறது. நம்பிக்கை இருக்கிற ரெண்டு பேர் ஆர்வமா வந்துட்டு இருந்தாங்க, நல்ல கேள்வி கேப்பாங்க, இப்ப வர்றதில்ல. சந்தேகத்துல நிக்கிறவங்களும் வர்றதில்ல. எதையும் கேள்வி கேக்கலாம்னு போஸ்டர்ல போடுறோம், வரவு செலவக் கேட்ட பையன குரூப்ல இருந்து எடுத்துட்டோம். எந்த அதிகாரமும் கேள்விக்கு மேல இல்லன்னு சொல்லித்தானே எல்லாரும் இங்க வந்தோம், நம்ம கமிட்டி மட்டும் எப்படி மேல போச்சு? சொல்லும்போதே வருத்தமா இருக்கு.

சரி, கோபத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்க ஏழு பேர்ல யாரையும் கெட்ட எண்ணம் உள்ளவங்கன்னு நான் நினைக்கல. பரீட்சை நேரத்துல கூட ஹால் புக் பண்ண ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவங்க நீங்க, போஸ்டர யாரோ கிழிச்சப்ப திரும்ப ஒட்டினதும் நீங்கதான். அதனாலதான் உங்ககிட்டயே கேக்கிறேன், யுனிவர்சிட்டி நிர்வாகத்துகிட்ட இன்னும் போகல, போகவும் விரும்பல. இத அங்க கொண்டு போனா முழு மெம்பர் லிஸ்டயும் கொடுங்கன்னுதான் அவங்க மொதல்ல கேப்பாங்க.

விதி எப்படி இருக்கலாம்னு எனக்குத் தோணுறதச் சொல்றேன், பொதுக்குழு மாத்தினாலும் சரிதான். லிஸ்ட் செயலாளர், பொருளாளர் ரெண்டு பேர்கிட்ட மட்டும் இருக்கட்டும், விலகிப் போறவங்க பேர அழிச்சிடணும். நிர்வாகம் கேட்டா நிர்வாகிகள் பேரும் மெம்பர் எண்ணிக்கையும் கொடுப்போம், அதுக்கு மேல கேட்டா அந்தந்த மெம்பர்கிட்ட கேக்காம கொடுக்கக் கூடாது. போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும், வேண்டாங்கிறவங்க ஏன்னு விளக்கம் சொல்ல வேண்டியதில்லாம தள்ளி நிக்கலாம், வெளிய போடுறதுக்கு தனியா இன்னொரு சம்மதம் வாங்கணும். ஒருத்தர் எடுக்கச் சொன்னா மொதல்ல எடுத்துட்டு அப்புறம் பேசணும். எல்லா பாஸ்வேர்டும் தேர்தல் முடிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள புதுசா மாத்தி புது நிர்வாகிகள்கிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுக்கணும்.

அட்வைசர் சார், உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்களே பார்த்துக்கட்டும்னு நீங்க ஒதுங்கி நிக்கிறது எங்க மேல வச்சிருக்கிற மரியாதைனாலதான்னு தெரியும். தேர்தல் அன்னிக்கு மட்டும் வந்து உக்காருங்க சார், ஓட்டு எண்ணுறப்ப பக்கத்துல ஒருத்தர் இருந்தாப் போதும்.

பொதுக்குழுவைக் கூட்டுங்க. இன்னிக்கு நோட்டீஸ் போட்டா பதினாலு நாள்ல கூட்டிடலாம். ஹால் புக்கிங் நான் பண்ணித் தர்றேன், நோட்டீஸும் டைப் பண்ணித் தர்றேன், கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள் எண்ணிக்கை (கோரம்) சேர ஒவ்வொரு மெம்பரையும் போய்ப் பார்க்கிறதும் என் பொறுப்பு. நான் தேர்தல்ல நிக்கப் போறதில்ல, அந்த சந்தேகம் யாருக்கும் வேண்டாம்.

அதுக்கு நடுவுல ஒரே ஒரு சின்ன உதவி. அந்த மெம்பர்ஷிப் ஃபார்ம் இன்னும் திறந்துதான் இருக்கு, நேத்து பார்த்தேன், இந்த மாசம் புதுசா மூணு பேர் சேர்ந்திருக்காங்க. நான் டைப் பண்ண அந்த வரி மேல அப்படியே இருக்கு. பொதுக்குழு கூடுற வரைக்கும் அந்த ஃபார்ம மூடி வைங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
மூணாம் வருஷ மாணவி, முன்னாள் இணைச் செயலாளர்