தொட்டி குளோரின் மீட்டர்: அன்னதானக் குழுவுக்கு

வணக்கம். தீமிதிக்கு யாங்கோனுக்கு வெளியூர் சனமும் வரும். எல்லாரும் குடிப்பது நம் ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான். அதனால் ஒரு வேண்டுகோள்: தொட்டியின் குளோரின் மீட்டரில் எண் குறைந்தவுடன் ப்ளீச்சிங் பவுடரை அள்ளிப் போட வேண்டாம்.

அந்த மீட்டரின் சென்சார் (உணரி) நுனியில் மெல்லிய சவ்வு இருக்கிறது. குளோரின் தண்ணீரில் கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம் அதன் வழியே ஊடுருவி, உள்ளே இருக்கும் மின்முனையில் வினைபுரியும்போது சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது. கிருமியைக் கொல்வதிலும் இந்த அமிலத்துக்குத்தான் வேகம் அதிகம். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.5 அளவில் குளோரினில் ஏறக்குறைய பாதி இந்த வடிவில் இருக்கும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான். ப்ளீச்சிங் பவுடரோ பிஎச்சை ஏற்றிவிடும். போடப் போட வாடைதான் கூடும், எண் அந்த அளவுக்கு ஏறாது.

இன்னொன்று, நம் கிணற்று நீரில் இரும்பு அதிகம். சவ்வின் மேல் செம்பழுப்புப் படலம் படிந்தால், தண்ணீரில் குளோரின் குறையாவிட்டாலும் எண் தானாகவே இறங்கும். சென்சாரைத் தாண்டிப் போகும் தண்ணீர் ஓட்டம் நின்றாலும் அப்படித்தான்.

எனவே முதலில் ஓட்டத்தைப் பாருங்கள், சவ்வைப் பாருங்கள். அப்புறம் சிறிது தண்ணீரைத் தனியே எடுத்து, டிபிடி மாத்திரை (குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை) போட்டு நிறத்தை ஒப்பிட்டு, பிஎச்சும் பாருங்கள். குழாயடியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் இருந்தால் நல்லது. சவ்வு மாற்றினால் சென்சார் நிலைப்படச் சில மணி நேரமாகும். அதை முதல் நாளே செய்துவிடுங்கள், தம்பிகளே. டிபிடி மாத்திரை தீரப் போகிறது, வாங்கி வர முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.